இருபத்தெட்டு கிலோ ஆம்ப்ளிஃபயர்

நாற்காலியில் உட்கார்ந்ததும் மருதாசலம் தலையை அரை அங்குலம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் கவனிக்கிற அளவுக்கு இல்லை, வலது காது கொஞ்சம் முன்னுக்கு வருகிற அளவுக்கு மட்டும். இதை இப்போதெல்லாம் அவர் யோசித்துச் செய்வதில்லை, வெயில் பட்டால் கண் சுருங்குகிற மாதிரி உடம்பே செய்துகொள்கிறது. எதிரே நீளமான தேக்குப் பலகைமேல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் பழசு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் செய்த ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர், இருபத்தெட்டு கிலோ, முன்பக்கம் முழுக்க ஒரே அலுமினியப் பலகை, அதில் உள்ளங்கைக்கு நிறைவான ஒரு குமிழ். அந்தக் குமிழை அவர் வந்தவுடனேயே தொட்டுப் பார்த்துவிட்டார், நல்ல பேரிங் போட்ட தண்டு திரும்புகிற மாதிரி வழுவழுவென்று திரும்பியது, அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்று தோன்றி, தோன்றியதை உடனே அடக்கிக்கொண்டார். வலப்பக்கம் புதுசு. ரிசீவர். கறுப்பு நிறம், எடை அதில் பாதிகூட இருக்காது, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, போனிலிருந்தே இயக்கலாம், புது டிவியின் படமும் சத்தமும் ஒரே ஒயரில் உள்ளே போய் வெளியே வரும், கூரையிலிருந்து மழை பெய்கிற மாதிரிகூடக் கேட்குமாம். “ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க, நான் மிச்சத்தை வெச்சுக்கறேன்” என்றார் டாக்டர் வத்சலா. அறுபத்து நான்கு வயது, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுத்த மாதம் சாய்பாபா காலனியில் இந்த வீட்டைக் காலி செய்து ஐந்தாவது மாடி ஃப்ளாட்டுக்குப் போகிறார், அங்கே ஒன்றுக்குத்தான் இடம். “பழசை விடவும் மனசு வரலை, புதுசைக் குடுக்கவும் மனசு வரலை. வர்ற ஆளே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன்.” இப்படி ஒருத்தர் சொல்வார் என்று மருதாசலம் எதிர்பார்க்கவில்லை. விளம்பரத்தில் பழசு மட்டும்தான் இருந்தது. பழசைப் பார்க்க வந்தோம், பிடித்தால் எடுத்தோம், இல்லையென்றால் கடையில் புதுசு என்று மூன்று மாதமாக மனசுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், இப்போது அந்தக் கோட்டின் இரண்டு முனையும் ஒரே பலகையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மனைவி சாரதாமணி ஜன்னலோரச் சோபாவில் டீ குடித்துக்கொண்டிருக்கையில், கேட்டுச் சொல்ல வேண்டும். கேட்டு.

மூன்று மாதமாக மில்லில் சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் இதையேதான் படித்தார். ஊர் பேர் தெரியாத ஆட்கள் இதற்காக ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொள்கிறார்கள். பழசில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே புதுசின் மொத்த எடைக்குச் சமம், சக்தி என்றால் அதுதான் சக்தி, புதுசில் இருப்பதெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்கள் என்று ஒருத்தன். அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு அழு, இன்றைக்கு வருகிற படத்தின் சத்தம் எதுவும் அதற்குப் புரியாது என்று இன்னொருத்தன். காலையில் முதல் ஆள் சொன்னது சரியாகப் படும், சாயங்காலம் இரண்டாவது ஆள். மகள் சிந்துஜா பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, “அப்பா, பழசு பழுதாச்சுனா பார்ட்ஸ் கெடைக்காதுப்பா, புதுசு வாங்குங்க, வாரன்ட்டி இருக்கு” என்றாள், அதாவது அப்படிச் சொன்னதாகச் சாரதாமணி பிறகு சொன்னாள், போனில் மகளுடைய குரல் ஒரு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் இருந்தது, இந்தக் காலத்துப் போன்களே அப்படித்தான். பார்ட்ஸ் கிடைக்காதாம். மில்லில் நூல் நூற்கிற நாற்பது வருஷத்து ரிங் ஃப்ரேம் இன்னும் ஓடுகிறது, அதற்குப் பார்ட்ஸ் கம்பெனியா கொடுக்கிறான், கணபதி ஏரியாவில் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிப் போடுகிறோம், இரும்பு என்றைக்கும் கைவிடாது, கைவிடுவது, என்று நினைத்து, எது கைவிடும் என்ற இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது. நிற்காமல் இருந்தால் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மறுபடி டிரான்ஸ்ஃபார்மருக்கே வந்தார்.

“மொதல்ல பழசுல போடறேன்” என்று டாக்டர் ஒரு பாட்டை ஓடவிட்டார். ஒரு பெண் பாடுகிறாள், கூட வீணை, மிருதங்கம். மிருதங்கத்தின் இடந்தலை அவர் நெஞ்செலும்புக்குள் வந்து தொட்டது, மெத்தென்று, யாரோ உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கிவிட்டு எடுத்த மாதிரி. ஆஹா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இது நடிப்பில்லை. இது வந்தது. வீட்டில் இருக்கிற செட்டில் இப்படி வருவதே இல்லை. வீட்டுச் செட்டில் இரண்டு வருஷமாக எல்லாமே போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வருகிறது, வசனம் ஒன்றும் விளங்குவதில்லை, நடிகர்கள் எல்லாம் வாயைத் திறக்காமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஒயரை மாற்றினார், தாமிரத்தில் தடியாக வாங்கிப் போட்டார். கொஞ்சம் தேவலாம் போல ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ஸ்பீக்கர். புது ஸ்பீக்கரும் ஒரு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் ஸ்பீக்கரை நிறுத்துகிற இடம், அதற்கப்புறம் ஜன்னல் திரை, எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி முடித்து மிச்சம் இருப்பது ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான், கோளாறு அதில்தான் இருக்க வேண்டும், வேறு எதில் இருக்க முடியும், ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்துக் கடைசியில் நிற்கிற பாகம்தான் பழுது என்பது முப்பது வருஷமாக அவர் செய்கிற வேலை. “பின்னாடி சின்னதா ஒரு ஜால்ரா வருது, கேக்குதுங்களா? ஓரமா, வலது பக்கம்” என்றார் டாக்டர். “ம், கேக்குதுங்க” என்றார் மருதாசலம், “நல்லாக் கேக்குது” என்று சேர்த்தார், சேர்த்திருக்கக் கூடாது. ஜால்ரா எங்கே. வலது பக்கம் பாடுகிறவள் இல்லை, வீணை இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருக்கிறது, அந்தச் சுவரில் எங்கோ ஒரு ஆணி அடித்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். தலையை இன்னும் அரை அங்குலம் திருப்பினார். மின்விசிறியின் காற்று காதில் பட்டது. காற்று படுகிறது, அதன் சத்தம் இல்லை. மின்விசிறி சத்தம் போடாத உயர்ந்த ரகம் போல.

இந்தக் காதை நம்பி மில்லில் மிஷின் நின்றதும் உண்டு, ஓடியதும் உண்டு. மெயின்டனன்ஸில் இருபத்து மூன்று வயதில் சேர்ந்தபோதே, ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மிஷினில் வைத்து அதன் பிடியைக் காதுக்குழிக்கு முன்னால் அழுத்திக்கொண்டு எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார், இன்னும் நாலு நாள், இன்னும் ஒரு வாரம் என்று நாள் குறித்துச் சொல்வார், சொன்ன நாளில் அது போகும். மேனேஜர் வெளியாட்களிடம், மருதாசலத்துக்குக் காது இருக்கிறதே அது வேற காது என்பார். வலது கை சுவிட்சில் இருக்கும், ஆகவே எப்போதும் இடது காதுதான். பஞ்சு அடைத்துக்கொள் என்று சட்டம் இருந்தது, டப்பா டப்பாவாகக் கம்பெனி கொடுத்தது, அடைத்துக்கொண்டால் பேரிங் எப்படிக் கேட்கும், ஆயிரம் ஸ்பிண்டில் சேர்ந்து போடுகிற இரைச்சலுக்குள் ஒரே ஒரு ஸ்பிண்டில் முனகுவதைப் பிரித்து எடுக்க வேண்டுமே. எடுத்தார். முப்பது வருஷம் எடுத்தார். அதற்குப் பதிலாக அந்த இரைச்சல் எதை எடுத்துக்கொண்டது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காது சோதிக்கிற வேன் மில்லுக்குள் வந்தது, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கிறபோதெல்லாம் பட்டனை அமுக்குங்க என்றாள் சோதிக்க வந்த பெண். கொஞ்ச நேரம் அமுக்கினார். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்புகிறபோதும் அவள் வலது தோள் ஒரு நூல் அளவு இறங்குவது கண்ணாடியில் தெரிந்தது, அவள் தோள் இறங்குகிறது, இவர் பட்டனை அமுக்குகிறார், தோள் இறங்குகிறது, அமுக்குகிறார். எல்லாம் இயல்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். சீட்டு எழுத்தாகவே சொல்கிறபோது நாம் என்ன புதுசாகச் சொல்ல. சாயங்காலம் வாசலில் கத்துகிற சில்வண்டுகள்கூட இப்போது இல்லை, பக்கத்துத் தோப்பை வெட்டி சைட் போட்ட பிறகு எல்லாம் போய்விட்டன, பாவம், அவை எங்கே போகும்.

“இப்பப் புதுசு” என்றார் டாக்டர், ரிமோட்டை எடுத்து. அதே பாட்டு மறுபடி. மிருதங்கம் வந்தது, மெத்தென்று வந்ததா, வந்தது, ஆனால் முன்னைவிட ஒரு விரற்கடை குறைவு, இருக்கும், புதுசில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாயிற்றே. பாடுகிறவளின் சொற்கள் மழுங்கலாக இருந்தன. பழசில் அவ்வளவு மழுங்கலில்லை. இல்லையா? கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணை மூடினால் இன்னும் குறைவாகத்தான் கேட்கிறது, இது ஒரு விசித்திரம், கண்ணைத் திறந்தால் கொஞ்சம் கேட்கிறது. டாக்டர் மேஜையோரம் நின்றுகொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் மத்தவங்க மூச்சையே கேட்டுட்டிருந்தேன், வீட்டுக்கு வந்தா வேற ஏதாச்சும் கேக்கணும்னு வாங்கினதுங்க என்று இவர்கள் வந்தவுடனே டாக்டர் சொல்லியிருந்தார், அப்படிப்பட்ட காது, மூச்சைக் கேட்டே ஆள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறான் என்று சொல்கிற காது, அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்ன வித்தை காட்டுவது. “எப்படீங்க, வித்தியாசம் தெரியுதுங்களா?” “தெரியுதுங்க டாக்டர். பழசுல ஒரு தெளிவு இருந்துச்சு, இதுல அது இல்லீங்க. அந்த ஜால்ராகூட இதுல உள்ள போயிருச்சு.” போனில் யாரோ எழுதியிருந்ததைத்தான் சொன்னார், வார்த்தை மாறாமல். டாக்டர் ரிமோட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “நான் இன்னும் மாத்தலீங்களே” என்றார், கேலி துளியும் இல்லாமல், கொஞ்சம் மெதுவாகவே. “அதே பாட்டைத்தான் மறுபடி பழசுல போட்டேன். பட்டன் சரியா அமுங்கலை.” காதுமடல் இரண்டும் சூடாயின. “அப்படீங்களா, நானும் யோசிச்சேன்” என்று சிரித்தார், என்ன யோசித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை, மயக்க மருந்து ஏறுகிற ஆளை ஒன்று, ரெண்டு என்று எண்ணச் சொல்லிவிட்டு எந்த எண்ணில் நிற்கிறான் என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கால் டீப்பாயில் இடித்தது. “சாரதா, நீ வந்து உக்காந்து கேளு. வீட்டுல நீயுந்தான கேக்கப்போற.” இருபத்தாறு வருஷத்தில் இதுவரை எந்த மிஷினையும் நீ பார்த்துச் சொல் என்று அவளிடம் சொன்னதில்லை. அவள் டம்ளரை வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, நடு நாற்காலியில், பஸ்ஸில் பழக்கமில்லாத சீட்டில் உட்கார்கிற மாதிரி நுனியில் உட்கார்ந்தாள்.

அவள் கேட்டாள். இவர் அவள் விட்டுப்போன சோபாவில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்கிறபோது அவள் முகம் இப்படி இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது. கல்யாணமான புதிதில் அடுப்படியில் ரேடியோ வைத்துக் கேட்பாள், கேட்டதை இவரிடம் சொல்வாள், அதில் அப்படி வந்தது, இதில் இப்படி வந்தது என்று ஓயாமல் சொல்வாள், சொல்லச் சொல்ல இவர் ம் போடுவார். இப்போது அவள் பேசுவது குறைந்துவிட்டது. வயதானால் குறையும், வீடும் அமைதியாக இருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்திருந்தார், நினைத்த நினைப்பு ஒரு இடத்தில் மட்டும் நூல் சிக்கின மாதிரி சிக்கும். பங்குனியில் திருப்பூருக்குக் கல்யாணத்துக்குக் காரில் போனபோது, நீலம்பூர் தாண்டினதும், முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஏதோ சொன்னாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். இடது பக்கம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் குரல் வந்தது, குரலின் மேடுபள்ளம் வந்தது, சொல் ஒன்றுகூட வரவில்லை. அவரிடம் இதற்கென்று மூன்று பதில் உண்டு. சொல்கிற முகம் சாதாரணமாக இருந்தால் ம். கேள்வி மாதிரி முடிந்தால் சரி. முகம் கொஞ்சம் கனமாக இருந்தால் பாத்துக்கலாம். அவள் முகம் கனமாக இருந்தது. “சரி, பாத்துக்கலாம்” என்றார். அவள் ஒரு நிமிஷம் இவரையே பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், திருப்பூர் வரைக்கும் திரும்பவில்லை. என்ன சொல்லியிருப்பாள்? சிந்துஜாவுக்கு வரன் ஏதாவது வந்திருக்கும். இல்லை, அவள் அண்ணன் தோட்டம் விஷயமாக இருக்கும். அதற்கென்ன அப்படிப் பார்ப்பது. என்ன சொன்னாய் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் ஏன், கேக்கலையா என்பாள், ஒரு தடவை அந்தக் கேள்வி வந்துவிட்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் வரும், மில் வரைக்கும் வரும், மருதாசலத்தைக் கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். நாள் ஆக ஆகக் கேட்க முடியாமல் போய்விட்டது. எட்டு மாதம் ஆகிறது. அவள் அன்றிலிருந்துதான் குறைந்தாளோ? இல்லை, அதற்கு முன்னாலேயே. இல்லை, அன்றிலிருந்துதான்.

“ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க இருக்குது” என்றாள் சாரதாமணி, டாக்டரிடம். டாக்டர் இந்தத் தடவை உண்மையாகவே மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். “அந்தப் பொம்பளை பாடறக்கு முன்னாடி மூச்சு எடுக்குதுல்லீங்க, அது இதுலயும் கேக்குது, அதுலயும் கேக்குது. நீங்க சொன்ன ஜால்ராவும் அப்படித்தானுங்க.” டாக்டர் பலமாகச் சிரித்தார். “எட்டு மாசமா எனக்கும் அதேதாங்க. சொல்லிக்க வெக்கம், அவ்வளவுதான்.” இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் சோபா நுனிக்கு நகர்ந்தார். மூச்சா? பாடுகிறவள் மூச்சு எடுக்கிறாளா? மூன்று மாதம் படித்தவற்றில் ஒரு ஆள்கூட அதை எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் அது எல்லோருக்கும் கேட்பதுதான், சோபாவில் டீ குடிக்க வந்தவளுக்குக்கூட, எந்த மிஷினிலும் கேட்பதுதான், பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் வித்தியாசம் தேடிக்கொண்டு, என்று அந்த நினைப்பு அதுவாகவே நடந்து போக ஆரம்பித்தது, இந்தத் தடவை டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தடுக்கவில்லை. ஆகவே அவர் சத்தமாகப் பேசினார். “பழசையே எடுத்துக்கறனுங்க டாக்டர்.” “யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை.” “இல்லீங்க, அந்த மிருதங்கம் இங்க வந்து தட்டுதுங்க” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை, அது டாக்டருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

வாட்ச்மேனும் இவருமாகத் தூக்கினார்கள். இருபத்தெட்டு கிலோ என்பது எழுத்தில் வேறு, விரலில் வேறு. கார் டிக்கி முழுக்க கேஸ் டேங்க், பின்சீட்டில் வைத்தால் பிரேக் போடுகிறபோது வழுக்கிக் கீழே விழும், முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அதிலே உட்காரவைத்தார்கள், சம்பந்தி மாதிரி. சாரதாமணி பின்னால், இவர் சீட்டுக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டாள். டாக்டர் கேட்டுக்கு வெளியே வரைக்கும் வந்து, ஜன்னலுக்குள் குனிந்து, “ஒருநாள் சும்மா என்னைப் பாக்க வாங்க” என்றார், வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக. அது ஏன் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினதும் மனசு கொஞ்சம் லேசானது. வீட்டில் எங்கே வைப்பது, டிவிக்கு நேராக ஒரு ஒயர் தனியாகப் போட வேண்டும், அடியில் காற்று போக இடம் விட வேண்டும், இதில் எல்லாம் சரியாகிவிடும், சக்தி பத்தாமல்தான் அப்படி இருந்தது, இதில் வால்யூமை, என்று போய்க்கொண்டிருக்கிறபோது தோளில் ஒரு தட்டு விழுந்தது. இரண்டாவது தட்டு பலமாக விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் சாரதாமணியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரமாக, ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினார்.

“எத்தன தடவ சொல்றது, அந்தச் சத்தத்த நிறுத்துங்கனு. மண்டைக்குள்ள குத்துது.”

“எந்தச் சத்தம்?”

அவள் முன்னால் எட்டிக் கையை நீட்டினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாகச் சின்ன விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது, பெல்ட் போட்ட ஆளின் படம். முன்சீட்டில் கனம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை, வண்டி ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கத்துகிறது. கத்துகிறது. அவருக்குத் தெரிந்தது மினுங்கல் மட்டும். ஓ அதுவா, அது தானா நின்னுக்கும் என்று சொல்லலாம். யோசனையில இருந்தேன் என்று சொல்லலாம். இந்த மாதிரி இருபது பதில் நாக்கடியில் தயாராக இருந்தது, எதை எடுத்துப் போட்டாலும் போதும், கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, அதில் கோபம் இறங்கிக்கொண்டிருந்தது, அந்த இடத்துக்கு வேறொன்று வந்துகொண்டிருந்தது.

“எனக்குக் கேக்கலை, சாரதா.”

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு மறுபடி முன்னால் வந்தாள். “இந்தச் சத்தமா? இது கேக்கலையா?”

“கேக்கலை. அந்த ஜால்ராவும் கேக்கலை. அந்தம்மா மூச்சு எடுத்ததும் கேக்கலை.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும். கூடவும் இருக்கும்.”

அவள் ஒன்றும் பேசவில்லை. பேசவில்லையா, பேசியது கேட்கவில்லையா என்ற பயத்தில் அவர் முழுசாகத் திரும்பி, ஒரு கை சீட்டிலும் ஒரு கை ஆம்ப்ளிஃபயர்மேலுமாக அவளைப் பார்த்தார். அவள் உதடு அசையவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, பங்குனில திருப்பூர் போறப்ப நான் சொன்னது?”

“என்ன சொன்ன? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“பாத்துக்கலாம்னு சொன்னீங்க.”

“சொன்னேன். என்னத்துக்குச் சொன்னேன்னு தெரியாது.”

அவள் அவர் வலது காதுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். எந்தக் காது என்று அவர் சொல்லவில்லை, அவளாகவே அந்தப் பக்கம் வந்தாள். “மார்ல ஒரு கட்டி இருந்துச்சு. லேடி டாக்டர் ஊசி வெச்சு எடுத்துப் பாக்கோணும்னு சொல்லிட்டாங்க. புதன்கெழம வரச் சொல்லியிருக்காங்க, எனக்குப் பயமா இருக்குது, கூட வாங்கனு சொன்னேன்.” மூச்சை இழுத்துவிட்டாள். அது கேட்டது, சூடாகக் கன்னத்தில் பட்டதாலோ என்னவோ. “நீங்க ரோட்டப் பாத்துட்டே பாத்துக்கலாம்னு சொன்னீங்க. சரி, இவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன். தனியாப் போனேன். பஸ்ல போயி பஸ்ல வந்தேன். ரிசல்ட்டு வர்றக்கு ஒம்பது நாளாச்சு.”

“ரிசல்ட்டு,” என்றார்.

“ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்க. கொழுப்புக் கட்டியாம்.”

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அவர் என்ன செய்தார். ஸ்பீக்கரை எந்த மூலையில் வைப்பது என்று டேப் வைத்து அளந்தார். சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் எந்திரி சாரதா, அளக்கணும் என்றார், அவள் எழுந்து நின்றாள், அளந்து முடிக்கிற வரைக்கும் சுவரோரமாக நின்றாள், இப்போது தெரிகிறது, ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுத்தான் நின்றாள். புதன்கிழமை சாயங்காலம் மில்லிலிருந்து வந்தபோது அவள் படுத்திருந்தாள், தலைவலியா என்று கேட்டார், அவள் சொன்ன பதில் கேட்காமலே ம் என்றார். கட்டி வேறு மாதிரி இருந்திருந்தால் அதையும் அவள் சொல்லியிருப்பாள், காரில், இடது பக்கமாக, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறபோது, அதற்கும் அவர். கையை நீட்டினார், எதைத் தொடுவது என்று தெரியாமல் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் கையை விலக்கவில்லை, ஆனால் அழவும் இல்லை. அவர்தான் அழுதார், மூக்கு ஒழுக, ரோட்டோரத்தில், ஐம்பத்து நான்கு வயதில்.

“இதைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தர்றேன்” என்றார் ஆம்ப்ளிஃபயரைக் காட்டி.

“எதுக்கு? நெஞ்சுல தட்டுதுனு சொன்னீங்கல்ல, இருக்கட்டும். நாளைக்குக் காது டாக்டர்ட்ட போறோம். மில்லுக்கு லீவு சொல்லுங்க.” குரல் கறாராக இருந்தது. கறாராக இருப்பது தெரிந்தது. “காதுனு நான் ஒருக்காக்கூட நெனைக்கலீங்க. என்னையப் பிடிக்கலைனு நெனச்சுட்டேன்.” அதைச் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “மொதல்ல அந்த பெல்ட்டப் போடுங்க. இன்னும் கத்திட்டிருக்குது.”

அவர் குனிந்து பெல்ட்டை இழுத்து, அலுமினிய முகத்துக்குக் குறுக்காகக் கொண்டுவந்து, கொண்டியில் அழுத்தினார். கொண்டி விழுந்தது விரலுக்குத் தெரிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

“நின்னுருச்சா?”

“நின்னுருச்சு.”

கியரில் கையை வைத்தவர் போடாமல் திரும்பினார். “அது எப்படி இருந்துச்சு?”

“எது?”

“அந்தச் சத்தம். எப்படிக் கத்துச்சு?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து, “டிங்” என்றாள். “டிங், டிங்.”

“அவ்வளவு மெதுவாவா?”

“இல்லீங்க, வெரசா.” பின்சீட்டிலிருந்து முன்னால் சரிந்து, அவர் வலது காதருகே வாயை வைத்து, “டிங்டிங்டிங்டிங்டிங்” என்று மூச்சு விடாமல் சொன்னாள். பக்கத்தில் போன ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து இவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

“இன்னொருக்கா” என்றார் மருதாசலம்.